சூடம் அணைக்கும் சபை

உண்மையைக் கண்டுபிடிக்க உலகத்தில் பல வழிகள் உண்டு. நேரில் பார்த்தவனைக் கேட்கலாம். காணாமற்போன பொருளைத் தேடலாம். கொஞ்சம் யோசித்தும் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸ் தர்ம சத்திய பரிபாலன சபை இந்த மட்டமான வழிகளில் எதையும் கையாண்டது கிடையாது. அது சூடம் கொளுத்தியது.

ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த எல்லைக்காத்தாள் கோயிலை நிர்வகித்தது இந்தச் சபைதான். யாருக்குள் வழக்கு வந்தாலும் கோயில் மண்டபத்தில் தலைவருடைய நாற்காலிக்கு முன்னால் வெற்றிலை வைத்து, அதன்மேல் சூடம் ஏற்றுவார்கள். தான் சொல்வது சத்தியம் என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தவனை அடுத்த அமாவாசைக்குள் அம்மன் வாரிக்கொண்டு போவாள் என்பது ஐதீகம். வழக்குக்கு வந்த இரண்டு பேரும் அணைப்பார்கள் என்பதால், சபை தோன்றிய நாளிலிருந்து அணைத்தவர்களில் பாதிப் பேராவது பொய்யர்களாக இருந்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவரையும் அம்மன் வாரவில்லை. பலர் சதை போட்டுத்தான் போனார்கள்.

இதற்குக் காரணம் கோயில் பூசாரியான பண்டாரம் கண்டுபிடித்த முன் நிவர்த்தி. சூடம் அணைக்கப் போகிறவர் முதல்நாளே வந்து ஓர் எலுமிச்சம்பழம் அறுத்து, தேங்காய் உடைத்துவிட்டால், மறுநாள் சொல்லப்போகும் பொய்க்கு இன்றே மன்னிப்புக் கிடைத்துவிடும். கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் வியாபாரிகள் இதற்காகவே ரயிலேறி வந்தார்கள். சபைத் தலைவரான கண்டிராக்டர் பழனியப்பன் ஆண்டு விழாவில் இதைப் பற்றி உருக்கமாகப் பேசினார்.

“பாவம் செய்துவிட்டுப் பிறகு பரிகாரம் தேடுவது நம் முன்னோர் முறை. அம்மை வருவதற்கு முன்பே அரசாங்கம் அம்மை குத்துகிறதல்லவா? அந்த விஞ்ஞானத்தை ஆன்மிகத்தில் புகுத்திய பெருமை நம் சபைக்கே உரியது!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இந்தச் சொற்பொழிவை எழுதிக் கொடுத்தவர் சபைக் காரியதரிசி, கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமி. தலைவருடைய எல்லாச் சொற்பொழிவுகளையும் எழுதுகிறவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் தலைவருக்குத் தர்மத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

ரப்பர் விலை விழுந்து, கடல் கடந்து வந்து வேலையிழந்த தமிழர்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்கு ஏற்றி அனுப்பிய 1931-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, அம்மனுடைய வெள்ளி ஒட்டியாணம் காணாமற்போயிற்று. கோயிலைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போடுகிறவள் வீரம்மா. புருஷனை ரயில்வேயில் பறிகொடுத்தவள். கோயிலுக்குப் பின்னால் சபைக்குச் சொந்தமான லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறையில் இருந்தாள். அவள் எடுத்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகக் கிராணி சொன்னார். திருடி என்று தீர்ப்பானால் அறை போகும், வேலை போகும், அடுத்த கப்பலில் அவளும் போகவேண்டியதுதான். சொந்த ஊரில் அவளுக்கு யாரும் இல்லை. போலீசுக்குப் போகலாமே என்று கேட்கத் தோன்றும். கோயில் விஷயத்தை மாத்தா-மாத்தாவிடம் கொண்டுபோனால் அம்மனுக்கு அவமானம் என்று சபை எப்போதோ தீர்மானித்துவிட்டது.

விசாரணை அன்று கிராணி முதலில் வந்தார். முதல்நாளே எலுமிச்சம்பழம் அறுத்தாகிவிட்டது. வீட்டு விளக்கை அணைப்பதுபோல் சூடத்தை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அடுத்து வீரம்மா. அவள் சூடத்தைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனாள்.

“நான் எடுக்கலைங்க. ஆனா சூடம் அணைக்கமாட்டேன்.”

“எடுக்கவில்லை என்றால் அணைக்க என்ன பயம்?” என்றார் தலைவர்.

“பயம்தாங்க. ஒரு வெள்ளிச் சாமானுக்காக, ஆத்தாளை வந்து சாட்சி சொல்லுன்னு கூப்பிடறதா? அவ என்னா நான் வச்ச ஆளா?”

சபையோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாமிக்கு உண்மையாகவே பயப்படுகிற ஒருத்தியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால் அதைக் குற்றவாளியின் நடுக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவதாக நாகையா எழுந்தான். ரயில்வே யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டிகள் தடம் மாறுவதற்குக் கம்பியை இழுத்துவிடும் வேலை. அதிகம் பேசாதவன். அவனுடைய குடிசை கோயிலின் பின்வாசலுக்கு நேரே இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கிராணி பின்வாசல் வழியாக வெளியே வந்ததையும், ஒட்டியாணத்தைச் சுருட்டிய குடைக்குள் திணித்ததையும் அவன் பார்த்திருந்தான். உடனே மழை கொட்டிற்று. கிராணி குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடியே வீடுவரை நடந்தார். சபைக் காரியதரிசிதானே என்று நாகையா அன்றைக்கு அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒட்டியாணம் போன செய்தி வந்ததும் விளங்கிவிட்டது.

சாட்சிகளிடம் சம்பிரதாயமாக ஒரு கேள்வி கேட்பார்கள். யாரும் அதைக் காதில் வாங்குவது கிடையாது. ஆமாம் என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். அன்றும் பண்டாரம் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்.

“சாமி நம்பிக்கை உண்டா?”

நாகையா அந்தக் கேள்வியை யோசித்துப் பார்த்தான். சபையின் சரித்திரத்திலேயே அதை யோசித்தவன் அவன்தான்.

“இல்லீங்க.”

பண்டாரத்தின் கொட்டாவி பாதியில் நின்றது. தலைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “என்ன சொன்னாய்?”

“கொஞ்ச வருஷமா இல்லீங்க. எப்ப போச்சுன்னு சரியாத் தெரியல. கேட்டீங்க, அதனால சொன்னேன்.”

“சாமி நம்பிக்கை இல்லாதவன் பொய் சொல்லுவானே. உன்னைத் தடுப்பது எது?”

“பொய் சொல்லணும்னு தோணலீங்க.”

“தோன்றினால்?”

நாகையா தலையைச் சொறிந்தான். “லைன்ல ஒரு வண்டி நிக்குது. நான் லைன் காலின்னு சொல்லிட்டேன்னு வைங்க. வர்ற வண்டி வந்து மோதும். உள்ள ஆளுங்க இருப்பாங்கல்ல? அதனால சொல்லமாட்டேங்க.”

“ஆளுங்க!” என்று தலைவர் சிரித்தார். அவர் எழுந்து நின்றதும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. “கேளுங்கள் சபையோரே. கேவலம், மனிதர்களுக்காக உண்மை பேசுகிறானாம்! பயம் இல்லாத இடத்தில் ஒழுக்கம் ஏது? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நரகம் என்று ஒன்று இல்லை என்று நாளைக்கு யாராவது நிரூபித்துவிட்டால், மறுநாளே என் கூலிகளுக்குச் சம்பளம் கொடுப்பதை நிறுத்திவிடுவேன். விதவைகள் சொத்தை எழுதி வாங்குவேன். அனாதைகளைத் தெருவில் விடுவேன். என்னுள் அவ்வளவும் இருக்கிறது! அதையெல்லாம் கட்டிவைத்திருப்பது பக்தி ஒன்றுதான்!”

மண்டபம் அதிர்ந்தது. தலைவருடைய கூலிகள் சிலர் பின்வரிசையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. நரகம் இருக்கும்போதே இப்படி என்றால், அது இல்லாமற்போனால் நம் கதி என்ன என்ற பயத்தில் அவர்களும் கைதட்டினார்கள்.

ஆனாலும் சபை இரக்கமற்றதல்ல. நாகையாவுக்குப் பௌர்ணமி வரை தவணை கொடுத்தது. அதற்குள் அவன் ஏதாவது ஒரு நம்பிக்கையுடன் திரும்பி வந்தால் சாட்சி ஏற்கப்படும். “வேறு மார்க்கமாக இருந்தாலும் ஆட்சேபணை இல்லை” என்று கிராணி பெருந்தன்மையோடு விளக்கினார். “எந்தச் சாமியின் பேரிலாவது சத்தியம் வாங்க எங்களுக்கு ஒரு பிடி வேண்டும். இவனிடம் பிடித்துத் தூக்க ஒரு காதே இல்லை.”

நாகையா நேரே டொமினிக்கிடம் போனான். டொமினிக் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற பயர்மேன், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன், பக்கத்து வீட்டுக்காரன்.

“டொமினிக்கு, உன் சாமியை எனக்குப் பௌர்ணமி வரைக்கும் குடுக்கறியா?”

டொமினிக் வாயிலிருந்த சுருட்டை எடுத்தான். “என்னாண்ணே கேக்கறீங்க?”

நாகையா விஷயத்தைச் சொன்னான்.

“ஞானோபதேசம் படிக்கணும், சாமியார் பாஸ் பண்ணணும், அப்பறந்தான் ஞானஸ்நானம். அதுக்குள்ள வீரம்மாக்கா கப்பல்ல பாதி தூரம் போயிருக்கும். கடனா எல்லாம் குடுக்க முடியாதுலா. சாமி என்னா குடையா, மழைக்கு வாங்கிட்டுப் போயி அப்பறம் திருப்பிக் குடுக்க?” சுருட்டை மறுபடி வாயில் வைக்கப்போனவன், “உங்களுக்காக வேண்டிக்கறேன், அதுக்குக் காசு பணம் வேணாம்” என்றான்.

அப்போதுதான் யாரோ பகுத்தறிவு விளக்கச் சங்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். நம்பிக்கையில்லாதவர்களுக்கென்றே ஒரு சங்கம் இருப்பது நாகையாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மளிகைக் கடை மாடியில் அது கூடியது. சங்கச் செயலாளர் உபாத்தியாயர் ராதாகிருஷ்ணன். கடவுள் பெயரை வைத்துக்கொள்வது அடிமைத்தனம் என்று பேசுவதில் வல்லவர். கூட்டம் நாலரைக்கு என்று போட்டிருந்தார்கள். ராகுகாலம் கழிந்து ஆறேகாலுக்குத் தொடங்கினார்கள். செயலாளர் மனைவி சங்கடப்படுவாராம்.

நாகையாவை எல்லாரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். மாலை போட்டார்கள். “எந்தப் புத்தகத்தைப் படித்துத் தெளிவு பெற்றீர்கள் தோழரே?” என்று ராதாகிருஷ்ணன் கேட்டார்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

“படிக்காமலா நாத்திகரானீர்கள்?”

“தானாத்தாங்க போச்சு.”

செயலாளர் முகம் வாடிற்று. “அப்படியானால் உங்களுடையது முறையான அவநம்பிக்கை ஆகாது. பரவாயில்லை, சங்கத்தில் வகுப்பு நடக்கிறது.”

“அது இருக்கட்டுங்க. வீரம்மா பாவம். நீங்க நாலு பேரு படிச்சவங்க வந்து சபையில ஒரு வார்த்தை கேட்டா…”

“கோயிலுக்குள்ளா?” ராதாகிருஷ்ணன் பின்வாங்கினார். “எங்கள் கொள்கைப்படி காலெடுத்து வைக்கக்கூடாது. அதுவுமல்லாமல், அந்த அம்மாள் பக்தை. கோயிலைக் கூட்டப் போனதால்தானே திருட்டுப் பட்டம் வந்தது? மூடநம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவள் ஓர் அருமையான உதாரணம். அடுத்த வாரம் தெலுக் பங்லிமா காராங் கூட்டத்தில் அவளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவளைக் காப்பாற்றிவிட்டால் நான் எதைப் பேசுவது?”

மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நாகையா படியிறங்கினான். நம்புகிறவர்கள் வீரம்மாவைத் திருடி என்றார்கள். நம்பாதவர்கள் உதாரணம் என்றார்கள். அவளை ஆள் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு ஸ்தாபனமும் இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழி. நம்புகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். அது பொய். உண்மையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பொய் சொல்லச் சொல்லுகிறார்கள் என்பதை அவனால் எத்தனை முறை யோசித்தும் புரிந்துகொள்ள முடியவில்லை. யார்டில் தனியாக நின்றுகொண்டு, “நம்பறேங்க, நம்பறேங்க” என்று சொல்லிப் பழகினான். கூட வேலை செய்தவர்கள் வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பௌர்ணமியன்று நாகையா நெற்றி நிறைய விபூதியோடு சபைக்கு வந்தான். பக்திப் பரிசோதனைக்கென்று ஒரு உபகமிட்டி அமைத்திருந்தார்கள். கோயிலைச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினான். விழச் சொன்னார்கள், விழுந்தான். கடைசியாகக் கண்ணீர் வரவேண்டும் என்றார்கள். நாகையாவுக்கு வரவில்லை. பண்டாரம் தூபக்காலை மூக்கருகே கொண்டுவந்து ஊதினார். இரண்டு கண்ணிலும் தாரை தாரையாக வழிந்தது. “உள்ளன்பினால் பெருகிய ஆனந்தக் கண்ணீர்” என்று உபகமிட்டி முடிவு செய்தது. பண்டாரம் சூடத்தை ஏற்றினார்.

“சாமி நம்பிக்கை உண்டா?”

“நம்பறேங்க” என்று சொல்லி நாகையா சூடத்தை அணைத்தான். உள்ளங்கை சுட்டது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை.

மண்டபத்தில் குலவை போட்டார்கள். தலைவர் அவனைத் தழுவிக்கொண்டார். சர்க்கரைப் பொங்கல் வந்தது. வழி தவறிய ஆன்மா ஒன்றைச் சபை மீட்டது பற்றி இரண்டு பேர் பேசினார்கள். ஓரமாகத் தூணருகே நின்ற வீரம்மாவின் ஞாபகம் யாருக்கும் இல்லை. நாகையாதான் நினைவுபடுத்தினான்.

“ஐயா, சாட்சி சொல்லலாங்களா?”

“தாராளமாக. இப்போது நீ பொய் சொல்ல முடியாதவன்” என்றார் தலைவர்.

நாகையா சொன்னான். பின்வாசல், ஒட்டியாணம், குடை, மழை, நனைந்துகொண்டே போன கிராணி. சொல்லி முடித்தபோது பொங்கல் தின்றுகொண்டிருந்தவர்களின் வாய் நின்றுவிட்டது. அந்த மழையில் கிராணி குடையோடு நனைந்து போனதை அவர்களில் பலரும் பார்த்திருந்தார்கள். சிக்கனம் என்று நினைத்திருந்தார்கள்.

தலைவர் கிராணியைப் பார்த்தார். அடுத்த மாதம் கிள்ளானில் தர்ம மகாநாடு. சொற்பொழிவு இன்னும் எழுதியாகவில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

“நாகையா இன்று ஆஸ்திகன். சந்தேகமில்லை. ஆனால் ஒட்டியாணம் போனது போன மாதம். அன்றைக்கு அவன் நாஸ்திகன். ஆகவே பார்த்தது யார்? நாஸ்திகக் கண்! நாஸ்திகக் கண் பார்த்ததை ஆஸ்திக வாய் சொன்னால் அது சாட்சியாகுமா?”

“ஆகாது” என்றது சபை. இவ்வளவு நுட்பமான நியாயத்தைக் கேட்டுப் பண்டாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாகையாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சத்தம் போட்டான்.

“அப்படின்னா நான் நம்பறேன்னு சொன்னதே பொய்யிங்க! உங்க சூடத்துலதான் கையை வச்சுப் பொய் சொன்னேன். உங்கள்ல ஒருத்தருக்காச்சும் தெரிஞ்சுதா? எனக்கு ஒண்ணும் ஆவல. அதே மாதிரிதான் கிராணியும் அணைச்சாரு. இதை வச்சா ஒரு பொம்பளைப் பிள்ளையைத் தெருவுல விடப்போறீங்க?”

தலைவர் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் விரித்தார்.

“நான் அன்றே சொல்லவில்லையா சபையோரே, நாஸ்திகன் பொய் சொல்லுவான் என்று!”

அன்றைக்கு எழுந்த கைதட்டல் அந்தக் கோயிலில் அதற்கு முன் கேட்டறியாதது. வீரம்மா அமாவாசைக்குள் அறையைக் காலி செய்யவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அவளுக்கு நல்ல புத்தி வரவேண்டுமென்று ஒரு நிமிஷம் பிரார்த்தனையும் செய்தார்கள். கிராணி கண்ணை மூடி, எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிக நேரம் பிரார்த்தித்தார்.

வீரம்மா கப்பலேறவில்லை. சாலாக் செலாத்தானில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீனக் கிழவர் ஒருவரிடம் டொமினிக் சொல்லிவைத்தான். அவர் எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் எந்தச் சாமி கும்பிடுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. காலையில் சீக்கிரம் வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

புறப்படுகிற அன்று நாகையா அவளுடைய தகரப் பெட்டியை மாட்டுவண்டியில் தூக்கி வைத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சு தங்கச்சி. பொய்யும் சொன்னேன், அதுவும் உதவல.”

“நீ சொன்ன பொய்யிக்கு நான் ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்ணே. அதை நெனச்சுக் கஷ்டப்படாத.” வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டாள்: “நெசமாச் சொல்லு. ஆத்தா இல்லைன்னு நெனைக்கிறியா?”

ஊரே மாறி மாறிக் கேட்ட கேள்விதான். மற்றவர்களுக்கு அவன் வாயில் ஒரு பதில் வேண்டியிருந்தது. இவளுக்குத்தான் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவளுக்காக இன்னொரு பொய் சொன்னால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. சொல்ல மனம் வரவில்லை.

“தெரியல வீரம்மா. ஆனா அவ இருந்தான்னா, அந்தச் சபையில மெம்பரா இருக்கமாட்டா.”

வீரம்மா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “இது எனக்குத் தெரியாதா? அவங்க கூட்டம்னு வந்து உக்காந்தா, நான் மொதல்ல போயி கர்ப்பக்கிரகக் கதவைச் சாத்திருவேன். இந்தக் கண்றாவியெல்லாம் அவ காதுல விழ வேணாம்னு.”

“யாரும் உன்னை ஒண்ணும் கேக்கலையா?”

“யாருண்ணே பாத்தா? அவங்கதான் எல்லாரும் தலைவரைப் பாத்து உக்காந்திருப்பாங்களே.”

வண்டி சாலாக் செலாத்தான் ரோட்டில் திரும்பியது.